கடியன் கடித்த ஞாயிறு

நான் பல்செட் செய்கிறவன். பல் டாக்டர் இல்லை. டாக்டர் வாயைப் பார்ப்பார். அந்த வாயின் அச்சு மட்டும் ஒரு டப்பாவில் என்னிடம் வந்து சேரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, வேகவைத்து, தேய்த்து, மினுக்கி அனுப்புவேன். முகமே தெரியாத ஆயிரக்கணக்கான வாய்களோடு இப்படி ஐம்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். பேருந்தில் எதிர் இருக்கையில் யாராவது சிரித்தால், அட, நம்ம வேலை என்று தெரிந்துவிடும். ஆள் யாரென்று மட்டும் தெரியாது.

இந்தத் தொழிலில் சில அனுபவங்கள் உண்டு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்குச் செய்து வைத்திருந்த செட், அவர் வாங்க வரத் தாமதமானதால், தண்ணீர் டம்ளருக்குள் இருந்தபடியே "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. பக்கத்து டம்ளரில் ஒரு தமிழாசிரியையின் செட். அது "உள்ளே போங்கள்" என்று திருத்தியது. இதை நான் இரண்டு பேரிடம்தான் சொன்னேன். ஆனால் தெரு முழுக்க எனக்குப் புளுகுமூட்டை என்று பெயர். உள்ளதைச் சொல்கிறவனுக்கு உலகம் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான்.

அந்தப் பெயரால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நஷ்டம் என் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவளுக்கு அப்போது ஆறரை வயது. உடம்பு ஈர்க்குச்சி, தலை மட்டும் பெரிது. அதனால் குண்டூசி என்று கூப்பிடுவோம். அந்தச் சமயத்தில்தான் என் அக்கா வீட்டில் குழாய் வெடித்துத் தரை முழுக்கப் பெயர்ந்து போயிற்று. வேலை முடிய இரண்டு மாதம் ஆகும் என்று கொத்தனார் சொன்னார். அக்கா, அத்தான், அவர்களுடைய ஒரே பையன் மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எனக்கு மூக்குச் சிந்திவிட்டவள். அந்த உரிமையைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அத்தான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். யார் என்ன பேசினாலும் அவருடைய பத்து விரலும் தொடைமேல் தட்டிக்கொண்டிருக்கும். சண்டை முடிந்த பிறகு, யார் எதை எந்த வரிசையில் சொன்னார்கள் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பையனுக்குப் பத்து வயது. வகிடு எடுத்த தலை. பெரியவர்கள் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பான். "தண்ணி வேணுமா மாமா?" என்பான். என் வீட்டில் அதுவரை எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. முதல் நாள் எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் நாளே அவனுக்கு உத்தமன் என்று பெயர் வைத்துவிட்டேன். அக்காவுக்கு அந்தப் பெயரில் இருந்த கிண்டல் புரியவில்லை. எனக்கே அப்போது அதில் கிண்டல் இருந்ததாக ஞாபகம் இல்லை.

எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி. முன்னறை என் பட்டறை. அதைத் தாண்டி இரண்டு அறைகள். ஒரு ஆள் அகலத்துக்கு நடை. நடையின் கோடியில் பாத்ரூம். பட்டறை அலமாரியில், வாங்க வராத பல்செட்டுகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று குழந்தைப் பல் மாதிரி. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கக் கற்றுக்கொடுப்பதற்காக ஒரு டாக்டர் செய்யச் சொல்லி, நிறம் மஞ்சளாக இருக்கிறதென்று திருப்பிவிட்டார். மேல் வரிசையும் கீழ் வரிசையும் பித்தளைக் கீலில் மாட்டியிருக்கும். பின்னால் கட்டைவிரலால் அழுத்தினால் டக்கென்று மூடும்.

பிள்ளைகள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, அது வாயில்லாத அநாதை என்றும், பகலில் அலமாரியில் இருந்தாலும் ஆளில்லாத நேரத்தில் ஒரு வாய் தேடி வீடு முழுக்க ஊர்ந்து போகும் என்றும் விவரம் சொன்னேன். உத்தமன் கவனமாகக் கேட்டான். "அதுக்குப் பேர் என்ன மாமா?" என்றான். "நீயே வை" என்றேன். யோசித்து, "கடியன்" என்றான். நல்ல பெயர். எனக்கே தோன்றியிருக்காது.

இரண்டு வாரம் கழித்துக் குண்டூசி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, நான் எதுவும் சொன்னா கடியன் வந்து என்னைக் கடிக்குமாம். அவன் பேச்சைத்தான் அது கேக்குமாம்."

எனக்கு முதலில் வந்தது பெருமை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் விட்ட கதையை ஒருவன் எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறான். குடும்பத்தில் ஒரு வாரிசு கிடைத்துவிட்டது.

"பயப்படாதே. கடியனுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சாத்திய கடையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நான்கு நாள் கழித்து, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "அவன் என்னைப் பாத்ரூம் போக விடமாட்டேங்கறான்."

உத்தமன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தே நின்றான். "நானா மாமா? நான் அவளுக்குக் கதவு திறந்து விடுவேனே மாமா."

அது உண்மை. கதவு திறந்து விடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே, "டேய், உன் பொண்ணு உன்னையே தூக்கிச் சாப்பிட்டுடுவா போலிருக்கே. நீயாவது செத்த பல்லு பேசுதுன்னு புளுகுவே. இவ உயிரோட இருக்கற புள்ளைமேல புளுகறா" என்றாள்.

அத்தானின் இடதுகை விரல்கள் தொடைமேல் அதைப் பதிவுசெய்தன. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு குண்டூசி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம். வாரத்தில் நான்கு நாள் காலையில் விரிப்பு கொடியில் தொங்கியது. உத்தமன் அந்தக் கொடியைக் கடக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்துவான். பெரியவர்கள் யாராவது வந்தால் கையை எடுத்துவிட்டு, "பாவம் மாமி, சின்னப் புள்ளைதானே" என்பான்.

"ஏதோ இருக்குங்க" என்றாள் மனைவி.

"வெயில் சூடு. எல்லா வீட்லயும் இருக்கு."

"போங்க. உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மினுக்குகிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குண்டூசி என் முன்னால் வந்து இடது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே, சதைப்பிடிப்பான இடத்தில், இரண்டு வளைவாகப் பல்தடம். ஓரத்தில் ரத்தம் கன்றிப் போயிருந்தது.

மோட்டாரை நிறுத்தினேன். "யாரு?"

"அவன்."

பிறகு நடந்ததெல்லாம் முன்னறையில் நடந்தது. அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என் புள்ளை கடிக்கறதா! ரொட்டியைக் கூடப் பிச்சுத்தான் தின்னுவான். அவனுக்குக் கடிக்கவே தெரியாது!"

"நான் கடிக்கல மாமா" என்றான் உத்தமன். இந்த முறை அவன் எழுந்து நிற்கவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். குரலில் வழக்கமான மெருகு இல்லை. கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"அண்ணி, கையில அச்சு மாதிரி விழுந்திருக்கு பாருங்க" என்றாள் என் மனைவி.

"விழுந்தா? நாய் கடிச்சிருக்கும், பூனை கடிச்சிருக்கும். புளுகுமூட்டை வீட்ல என்னதான் கடிக்காது? இந்தப் பொண்ணு வாயிலேர்ந்து வந்தா அதுக்கு அப்பீலே கிடையாதா?"

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்க ஏதாவது சொல்லுங்க. கதை வேணாம். நிஜமா ஏதாவது."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை. என் வார்த்தை அந்த வீட்டில் காலணாவுக்குப் பெறாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என்னை யாரும் மறுக்க முடியாது.

"யாரும் எதுவும் சொல்ல வேணாம். பல்லு சொல்லும்" என்றேன்.

ஒரு கண்ணாடித்தாளை மகளின் கைமேல் விரித்து, ஒவ்வொரு பல்தடத்துக்கும் பேனாவால் புள்ளி வைத்தேன். மெழுகுத் தகட்டை வெந்நீரில் நனைத்து மெதுவாக்கினேன். டாக்டர்கள் வாய் மூடும் வாகைப் பார்க்க இதைத்தான் கடிக்கச் சொல்வார்கள். கடித்தால் அத்தனை பல்லும் அப்படியே பதியும். அதன்மேல் கண்ணாடித்தாளை வைத்தால் புள்ளிகள் பொருந்தும், அல்லது பொருந்தாது. இதில் புளுகுவதற்கு இடமே இல்லை.

"இங்க வா ராஜா. இதைக் கடி."

அக்கா குறுக்கே வந்தாள். "அவனை மட்டும் எதுக்குக் கடிக்கச் சொல்றே? என் புள்ளை என்ன குற்றவாளியா? கடிக்கறதுன்னா வீட்ல இருக்கற எல்லாரும் கடிக்கணும். என்னங்க, நான் சொல்றது நியாயம்தானே?"

"நடைமுறைப்படி சரி" என்றார் அத்தான்.

"எல்லாரும்னா எல்லாரும். நீ, உன் பொண்டாட்டி, உன் பொண்ணு உட்பட!"

அன்றைக்கு அக்கா நியாயம் பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

ஆறு பேரும் வரிசையில் நின்று மெழுகு கடித்தோம். அக்கா கடித்தபோது, நான் செய்து கொடுத்த மேல் பல்செட் மெழுகோடு வந்துவிட்டது. அதைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, "உன் வேலை லட்சணம்" என்றாள். அத்தான் தாளைத் துளைபோடும் எந்திரம் மாதிரி சுத்தமாக ஒரே ஒரு கடி கடித்தார். என் மனைவி கடித்த வேகத்தில் மெழுகு இரண்டு துண்டானது. அந்தக் கோபம் யார்மேல் என்று நான் விசாரிக்கவில்லை. உத்தமன் கண்ணை மூடிக்கொண்டு கடித்தான். கடைசியாகக் குண்டூசி. அவள் வாயைத் திறக்கவே மாட்டேனென்றாள். அக்கா அதட்டிய பிறகு, மெழுகைத் தொட்டதும் தொடாததுமாகக் கடித்துவிட்டு உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

மேஜை விளக்கைப் போட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். முதலில் உத்தமனின் மெழுகு. கண்ணாடித்தாளை வைத்தேன். பொருந்தவில்லை. திருப்பி வைத்தேன். ஊஹூம். அவனுக்கு முன்பற்கள் இரண்டும் முறம் மாதிரி அகலம். புள்ளிகளில் மேல் வரிசை நடுவே ஒரு பல் அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது.

அந்த வெற்றிடம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அந்தப் பால்பல்லை நூல் கட்டி இழுத்தது நான்தான்.

மகளின் மெழுகை எடுத்து, மற்றவர்களுக்கு மறைவாக, கண்ணாடித்தாளை அதன்மேல் வைத்தேன். தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. கீழ் வரிசையில் கொஞ்சம் திரும்பியிருக்கும் பல் முதற்கொண்டு.

தலையைத் தூக்கினேன். குண்டூசி உதட்டை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகில் பட்டும்படாமல் கடித்தவள், தன் கையை ரத்தம் கன்றுகிற வரைக்கும் கடித்திருக்கிறாள். பல்லோடு ஐம்பது வருஷம் பழகியவன் சொல்கிறேன், எந்த வாயும் தன் சதையை அவ்வளவு ஆழம் சும்மா கடிக்காது. அதற்கு முன்னால் வேறு எல்லாவற்றையும் முயன்று பார்த்திருக்க வேண்டும். முயன்றாள். என்னிடம்தான் வந்து சொன்னாள். நான் செவ்வாய்க்கிழமை லீவு என்றேன்.

"என்னடா முழிக்கறே? சொல்லு!" என்றாள் அக்கா.

உண்மையைச் சொன்னால், இனி அந்தப் பெண் வாயைத் திறந்து என்ன சொன்னாலும் சாகும்வரை யாரும் நம்பமாட்டார்கள். பொருந்தியது உத்தமன் பல்தான் என்று சொன்னால், செய்யாத குற்றத்துக்கு ஒரு பத்து வயதுப் பையன் அடி வாங்குவான். அவன் உண்மை பேசிய ஒரே நாளில். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதுவரை நான் விட்ட புளுகெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்காகச் செய்த பயிற்சி என்று அப்போதுதான் விளங்கியது.

"அக்கா, உன் புள்ளை கடிக்கல" என்றேன்.

"கேட்டுக்கோங்க! எல்லாரும் கேட்டுக்கோங்க!"

குண்டூசியின் முகம் சுண்டிப்போயிற்று. நான் அலமாரிப் பக்கம் திரும்பினேன். கடியனை எடுத்தேன். என் முதுகு அவர்களுக்குத் திரை. மெழுகுக் கத்தியின் முனையை மேல் வரிசை நடுவில் கொடுத்து ஒரு நெம்பு. பல் ஒன்று தெறித்து என் சட்டைப்பையில் விழுந்தது. அது தானாகப் பைக்குள் விழுந்ததென்றுதான் சொல்வேன், யாரும் நம்புவதில்லை.

கடியனைப் புது மெழுகில் அழுத்தி, கண்ணாடித்தாளை வைத்து, அத்தான் கண்ணுக்கு முன்னால் ஒரு கணம் காட்டி எடுத்தேன். "மேல நடுவுல ஒரு பல் காலி. பாருங்க அத்தான், பொருந்துதா?"

"பொருந்தற மாதிரிதான் இருக்கு" என்றார் அத்தான்.

"கடிச்சது கடியன்தான்."

அத்தானின் விரல்கள் நின்றுவிட்டன.

"கிறுக்காடா உனக்கு?" என்றாள் அக்கா. "பல்லுசெட்டு எப்படிடா போய்க் கடிக்கும்?"

"தானாப் போகாதுக்கா. அதுக்கு அவ்வளவு புத்தி கிடையாது. யாராவது உத்தரவு போட்டாத்தான் போகும். இந்த வீட்ல அது ஒரே ஒருத்தர் பேச்சைத்தான் கேக்குமாம். யாருன்னு எனக்குத் தெரியாது. அந்த ஆளுக்குத் தெரியும்."

உத்தமனின் காது மடல் இரண்டும் சிவந்தன. நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கடியனைத் துணியால் துடைத்துக்கொண்டே அத்தானிடம் பேசினேன்.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு அத்தான். உத்தரவு போட்டாச்சு, கடிச்சாச்சு. போட்டவங்க வாயால ரத்து பண்ணணும். பண்ணலைன்னா, அடுத்த கடி உத்தரவு போட்டவங்களுக்குத்தான். ஒரு தடவை ருசி பார்த்துடுச்சு இல்லையா."

"ரத்து மனு" என்றார் அத்தான், பழக்கதோஷத்தில்.

கடியனை மேஜையில் வைத்தேன், முகம் உத்தமன் பக்கம் இருக்கும்படி. பின்னால் கட்டைவிரலை வைத்தேன்.

டக்.

"அது கடிக்காது மாமா!" என்று அலறினான். "அதுக்கு உசிரே கிடையாது! நான் சும்மா சொன்னேன் மாமா!"

"எதை சும்மா சொன்னே?"

"நான் சொன்னா கடிக்கும்னு..."

"யாருகிட்ட?"

"அவகிட்ட."

"எப்போ?"

டக்.

அதன்பிறகு நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. குழாய் வெடித்தது. நடையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வானாம். அவள் பாத்ரூம் போக வேண்டுமென்றால் மூன்று தடவை குனிந்து எழ வேண்டுமாம். ஒரு வாசகம் சொல்ல வேண்டுமாம். சத்தமாகச் சொல்லவில்லையென்றால் முதலிலிருந்து. யாராவது வருகிற சத்தம் கேட்டால் எழுந்து கதவைத் திறந்துவிடுவானாம். யாரிடமாவது சொன்னால் கடியன் வரும்.

"என்ன வாசகம்?" என்று கேட்டது என் மனைவி.

அவன் தரையைப் பார்த்தான்.

குண்டூசி பதில் சொன்னாள். பள்ளியில் ஒப்பிப்பதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல்: "நான் புளுகுமூட்டை பொண்ணு, நான் சொன்னா யாரும் நம்பாதீங்க."

மேஜையிலிருந்த கடியனை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

என் மனைவி கொடியில் தொங்கிய விரிப்பைப் பார்த்தாள். பிறகு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் வைக்கிற வயதைத் தாண்டிய பிள்ளையின் கால்கள் இரண்டும் கீழே தொங்கின.

அக்கா அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நடைக்குப் போனாள். அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஸ்டூல்மேல் ஏறி, பரண்மேல் வைத்தாள். இறங்கி வந்து, கொடியிலிருந்த விரிப்பை, காய்ந்த விரிப்பைத்தான், உருவிக்கொண்டு போய் மறுபடியும் துவைக்க ஆரம்பித்தாள். அரைமணி நேரம் துவைத்தாள். வெளியே வந்து, கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே பையனிடம், "நம்ம வீட்டுத் தரை சரியாகற வரைக்கும் அவ விரிப்பை நீதான் மடிக்கணும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் யோக்கியன் இல்லைடா. அவனுக்கு அந்தப் பல்லைக் கதை கட்டிக் கையில குடுத்தது யாரு?"

"நான்தான்க்கா."

நான் ஒத்துக்கொண்டதில் அக்கா பயந்தேபோனாள். நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மத்தியானம் உத்தமன் பட்டறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. அலமாரியிலிருந்து பத்தடி தள்ளியே நின்றான்.

"மாமா. அதெல்லாம் செஞ்சேன். ஆனா நான் கடிக்கல மாமா. சத்தியமா."

"தெரியும். நம்பறேன்."

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு மெதுவாக யோசனை ஓடியது. தான் கடிக்கவில்லை என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் அவ்வளவு நிச்சயமாகத் தெரியும்.

"அப்ப... யாரு மாமா கடிச்சது?"

அலமாரியைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். மேல் வரிசையில் ஒரு பல் காலியாக, கடியன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

மீதியிருந்த மூன்று வாரமும் பட்டறை வழியாக அவனால் தனியாகப் போக முடியவில்லை. குண்டூசியைத் துணைக்குக் கூப்பிட்டான். அவள் முன்னால் நடந்து, அலமாரி அருகில் நின்று, "கடியா, இவனை விடு" என்று சொல்வாள். அதற்கு அவன் அவளுடைய பள்ளிக்கூடப் பையைச் சுமந்தான். அவள் அவனைக் குனிந்து எழச் சொல்லவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பை கனமா இருக்குப்பா. குனிஞ்சு எழுந்தா எனக்கென்ன லாபம்?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குத் திரும்பி வருகிறேன். மற்றவர்கள் கடைக்குப் போயிருந்தார்கள். மகளைப் பட்டறை மேஜைமேல் உட்கார வைத்தேன். இழுப்பறையிலிருந்து அவளுடைய மெழுகை எடுத்து, கண்ணாடித்தாளை அதன்மேல் வைத்தேன். புள்ளிகள் வந்து உட்கார்ந்தன. அவள் பார்த்தாள். நான் பார்த்தேன்.

"வலிச்சுதா?"

"ரெண்டாவது தடவைதான் வலிச்சுது" என்றாள்.

"ரெண்டு தடவையா!"

"முதல் தடவை அச்சு சரியா விழலைப்பா."

தொழில்காரன் மகள். எனக்குச் சிரிப்பு வந்தது. அது பாதி வழியிலேயே வேறு ஏதோவாக மாறிவிட்டதால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

"ஏன்மா?"

"சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. பல்லுன்னா நம்புவீங்க."

மெழுகை என் விரலால் அழுத்தித் தடத்தை அழித்தேன். உருண்டை பிடித்துச் சட்டியில் போட்டேன்.

"இனிமே நீ சொன்னாப் போதும். அச்சு வேணாம்."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இது நிஜமா, கதையா? உங்க மூஞ்சில தெரியவே மாட்டேங்குது."

நியாயமான புகார். என் முகத்தின் விசேஷமே அதுதான். இரண்டு பேரும் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னால் நிஜம். போட்டுக்கொண்டு சொன்னால் எங்கேயும் போகலாம். வேறு யாருக்கும் இதைச் சொல்லக் கூடாது, அவளுடைய அம்மாவுக்குக்கூட.

"அப்ப இப்போ சொன்னது?"

கண்ணாடி என் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, மேஜையிலிருந்து குதித்து இறங்கிப் போனாள். அந்த வாரமே விரிப்பு கொடிக்கு வருவது நின்றுவிட்டது.

போன மாதம் உத்தமன் வந்திருந்தான். நாற்பத்தைந்து வயது. வகிடு எடுக்க முடி இல்லை. பெரிய அலுவலகத்தில் பெரிய உத்தியோகம். அவன் வந்தால் நாற்பது பேர் எழுந்து நிற்கிறார்களாம். கடைவாய்ப்பல் ஒன்று போய்விட்டது, மாமா கையால் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று வந்தான். நல்ல பிள்ளை. வருஷா வருஷம் என் மகளுடைய பிறந்தநாளுக்கு முதல் ஃபோன் அவனுடையதுதான். அன்று அவளும் வந்திருந்தாள். டீ குடித்துக்கொண்டே பட்டறையில் உட்கார்ந்திருந்தோம். அவன் மட்டும் அலமாரிக்கு முதுகு காட்டாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்குக் கடிச்சது நிஜமாவே யாரு? இத்தனை வருஷமா மண்டையைக் குடையுது. அம்மா நான்தான்னு நினைச்சுக்கிட்டே போய்ச் சேந்துட்டாங்க. நான் இல்ல மாமா. இப்பவாவது உள்ளதைச் சொல்லுங்க."

என் மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே இப்போது ஒரு தடமும் இல்லை. அவள் கண் நேராக என் மூக்குக்குப் போயிற்று.

கண்ணாடி மேஜைமேல் இருந்தது. எடுத்தேன். வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்தேன். மூக்கில் மாட்டிக்கொண்டு அவன் கண்ணை நேருக்கு நேராகப் பார்த்தேன்.

"கடியன்தான் ராஜா" என்றேன்.